பாம்பன் தீவில் ஒரு சின்னக் கோயில்: சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசிய கதை

பாம்பன் தீவின் தென்கரையில் ஒரு மீனவக் குடியிருப்பு. அங்கே உள்ள அந்தோணியார் சிற்றாலயத்தை ஊரில் எல்லோரும் ‘சின்னக் கோயில்’ என்பார்கள். பங்குக் கோயில் தள்ளி இருக்கிறது. சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொண்டு செபம் நடத்தும் உபதேசியாரும் மெழுகுவர்த்தியும்தான். பதினைந்தடி அகலம், முப்பதடி நீளம், ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் சுருள் வளைவு வைத்த முகப்பு, அதன் உச்சியில் ஒரு சிலுவை. கட்டிய ஆண்டு எங்கும் பொறிக்கப்படவில்லை.

சுவர் உதிர்கிறது, டைல்ஸ் ஒட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுத்தான் ஊர்க் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. உள்ளே இடுப்பளவுக்கு ஏற்கெனவே டைல்ஸ் இருந்தது. அதற்கு மேலே ஒரு முழம் அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் பொரிந்து விழுந்தது. வெளிச்சுவரில் சிமெண்ட் பூச்சு பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் முக்கால்வாசி இடத்தில் டொம் டொம் என்றது. ஓரத்தில் உளியை வைத்து நெம்பினோம். ஒரு ஆள் அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதன் பின்னால் கல் இல்லை, வெள்ளைப் பொடிதான் இருந்தது. கொத்தனார் அண்ணன் அதில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “கருவாட்டுக்குப் போடலாம் தம்பி” என்றார்.

தீவின் பழைய கட்டடங்கள் பலவும் பவளப்பாறைக் கல்லில் எழுந்தவை. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கல் தெரிந்திருக்கும். இந்தக் கரையில் செம்மண்ணும் இல்லை, கருங்கல்லும் இல்லை. கடலுக்குள் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, இருந்தது. புதிதாக வெட்டியெடுத்த பவளக்கல்லைக் கோடாலியாலேயே செதுக்கி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், காய்ந்தால் இறுகிவிடும். அதே பாறையையும் சிப்பியையும் சுட்டால் சுண்ணாம்பு. ஆக, கல்லும் காரையும் ஒரே இடத்துச் சரக்கு.

வேதாளை என்ற ஊர் இங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் பக்கம்தான். சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிறகு, அவருக்கு அடுத்தபடியாக இந்தக் கரையைப் பார்த்துக்கொண்ட அந்தோணி கிரிமினாலி அடிகளார் 1549இல் அங்கேதான் கொல்லப்பட்டார். அந்தத் தலைமுறைக் கோயில்களில் பலவும் ஓலையும் மண்ணுமாக இருந்தவை. கல்லுக்கு மாறியதெல்லாம் பிறகு, ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில், கையில் காசு புரண்டபோது. எங்கள் சின்னக் கோயிலும் அப்படித்தான் எழுந்திருக்க வேண்டும். முகப்பை மட்டும் யாரோ பெரிய கோயிலைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்திருக்கிறார்கள். சுவரெல்லாம் வீட்டுச் சுவர் கட்டுகிற கைதான்.

சரி, நோய்க்கு வருவோம். சுவருக்குள் உப்பு மூன்று வழியாக வந்திருக்கிறது. நிலத்தடி உவர்நீர் அடியிலிருந்து ஏறுகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல்தூவானம் நேராகச் சுவரில் வந்து விழுகிறது. போதாததற்கு, பழைய காரையில் கலந்த மணலிலேயே கொஞ்சம் கடல்மணல் இருந்திருக்கலாம். உப்பு தண்ணீரில் கரைந்து சுவருக்குள் நகரும். தண்ணீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ அந்த இடத்தில் படிகமாகும். கல்லின் நுண்துளைக்குள் படிகம் வளர்ந்தால் துளை வெடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் ஈரம் பூச்சின் வெளிமுகம் வரை வந்து உலர்ந்தது, உப்பும் அங்கேயே பூத்து உதிர்ந்தது. சில வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தார்கள், கதை முடிந்தது. இருபது, இருபத்தைந்து வருடம் முன்பு யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் சிமெண்டைத் தாண்டி வர முடியாமல் அதன் முதுகிலேயே நின்றது. உப்பு அங்கே படிந்து, பூச்சைத் தின்பதற்குப் பதில் கல்லைத் தின்றது. உள்ளே டைல்ஸ் ஒட்டியதும் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறியது. இன்னும் இரண்டடி டைல்ஸ் ஒட்டினால் இன்னும் இரண்டடி ஏறும். இதைக் கமிட்டிக்குச் சொன்னபோது, ‘இப்படியே போனால் ஓடு வரைக்கும் டைல்ஸ்தான்’ என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. கூட்டத்தில் முதல் ஆதரவு அதுதான்.

உப்புதானா என்று உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. சுரண்டிய பொடியை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளிந்ததும் மேல்தண்ணீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட வேண்டும். குளோரைடு இருந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டும். பள்ளிக்கூட ஆய்வகத்து உதவியாளர் ஒருவர் செய்து காட்டினார். கொத்தனார் அண்ணனின் நாக்குச் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. ஆனால் கமிட்டிக்குக் கண்ணாடிக் குழாய் மேல்தான் நம்பிக்கை.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, ஆள் கிடைப்பார்கள். ஆனால் சுண்ணாம்பு பூச அதைவிட மோசமான காலம் கிடையாது. சித்திரை வெயிலில் பூச்சு இறுகுவதற்கு முன்பே வறண்டு வெடித்துவிடும். அதனால் அந்த இரண்டு மாதத்தில் உரிக்கிற வேலை மட்டும், பூசுவது மழைக்குப் பிறகு, தை மாதத்தில் என்று திட்டம். சிக்கல் எங்கே வந்தது என்று இந்தக் கரைக்காரர்கள் ஊகித்திருப்பார்கள். அந்தோணியார் திருநாள் ஜூன் 13. கொடியேற்றத்துக்குள் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கோயில் நிற்க வேண்டும் என்பது ஊரின் கணக்கு. நான் முடியாது என்றேன். ‘திருவிழாவுக்குச் சட்டையில்லாமல் நிற்பாரா அந்தோணியார்?’ என்று ஒரு ஆச்சி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைசியில் சாமியார் வந்து, பழைய கல்லை ஊர்ப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டுமே என்று சொன்னதில் பேச்சு அடங்கியது.

சிமெண்ட் உரிப்பதில் அவசரம் கூடாது. பிரேக்கர் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் ஒரு இளைஞர்; அதைத் திருப்பி அனுப்பினோம். பவளக்கல் எடை குறைந்தது, சல்லடைபோலத் துளையுள்ளது. அதிர்ச்சி தாங்காது. உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து, பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே விட்டு நெம்ப வேண்டும். டொம் என்று ஒலித்த இடமெல்லாம் தானாக வந்துவிட்டது. கல்லோடு இறுகப் பிடித்திருந்த இடங்களில் நெம்பினால் கல்லின் தோலும் சேர்ந்து வந்தது. அப்படிப்பட்ட திட்டுகளை, முக்கியமாக முகப்பின் மேல்பகுதியில், அப்படியே விட்டுவிட்டோம். சிமெண்ட் ஒரு துளிகூட இருக்கக் கூடாது என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வைராக்கியம் இல்லை. ஈரம் ஏறாத உயரத்தில் கிடக்கிற சிமெண்ட் யாரையும் கடிக்காது.

உரித்து முடித்து, மெல்லிய நார்த் துடைப்பத்தால் பொடியைத் தட்டியதும் சுவர் வேறு ஆளாகிவிட்டது. வடக்குச் சுவரில் ஒரு கல்லில் நகக்கண் அளவு நட்சத்திரக் குழிகள், வரிசை வரிசையாக. அதன் பக்கத்துக் கல்லில் மூளை மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் வரிகள். இரண்டு கல்லுக்கு நடுவே காரையில் ஒரு முழுச் சிப்பி வாயை மூடியபடி பதிந்திருந்தது. கோடாலி வெட்டின தடம்கூட அழியாமல் இருந்தது; வெட்டியவர் இடதுகைக்காரர் என்று கொத்தனார் அண்ணன் அடித்துச் சொன்னார். திருவிழாவன்று ஆட்கள் அந்தோணியார் சுரூபத்தை (சிலையை) தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சட்டை கேட்ட ஆச்சியும்தான்.

பீடத்துக்குப் பின்னால் ஏழெட்டுக் கற்கள் முழுசாகப் பொடியாகிப்போயிருந்தன. மாற்றுக்கல் எங்கே தேடுவது? கடலில் ஒரு துண்டுகூடத் தொட முடியாது, தொடவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. காரணம் இல்லாமல் இல்லை. பல்லாண்டு பவளம் வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே விட்டன. நல்லவேளை, கோயிலின் பழைய சுற்றுச்சுவர் இடிந்து, அதன் கற்கள் உடைமரத்தடியில் மணலில் புதைந்து கிடந்தன. அவற்றைத் தோண்டியெடுத்து, மழைத்தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிப் பயன்படுத்தினோம். வெளியிலிருந்து ஒரு பவளக்கல்லும் உள்ளே வரவில்லை. போதாத இடத்தில் நாட்டுச் செங்கல் துண்டும் சுண்ணாம்பும்.

இரும்பும் ஒரு வில்லன். சன்னல் கம்பிகள் சுவருக்குள் போகிற இடத்தில் துருப்பிடித்து ஊதி, மூலைக்கு மூலை வெடிப்பு விட்டிருந்தன. துரு இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். உச்சிச் சிலுவைக்குள்ளும் ஒரு இரும்புக் கம்பி. சிலுவை குறுக்கே பிளந்திருந்தது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்தோம். சாதாரண 304 ரகம் கடலோரத்தில் பழுப்பு விடும், விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். கூரையில் பெரிதாக வேலையில்லை: ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகளில் இரண்டின் நுனி மட்டும் செல்லரித்திருந்தது, உடைந்த ஓடுகள் கொஞ்சம்.

உப்பை வெளியே எடுப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. காகிதக் கூழும் களிமண்ணும் பிசைந்து, சுவரில் விரலளவு தடிமனுக்கு அப்பி, அது காய்ந்து சுருங்கும்போது உரித்துப் போடுவது ஒரு முறை. ஈரம் கூழின் வழியாக ஆவியாகும்போது உப்பும் கூழுக்குள் வந்துவிடும். இதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், நிறைய வேண்டும். குடிதண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடத்தோடு நிற்கிற தெருவில், லாரித் தண்ணீரை வாங்கிச் சுவரைக் குளிப்பாட்ட எனக்கு மனசு வரவில்லை. செய்திருந்தால் அவர்கள் விட்டிருக்கவும் மாட்டார்கள். அதனால் பீடத்துச் சுவருக்கு மட்டும் கூழ். மற்றதை ஐப்பசி மழைக்கு விட்டோம். ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, தெளிப்பானால் சுவரை நனைத்து, உலரவிட்டு, பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, தரையில் விழுந்ததைக் கையோடு அள்ளிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம். விழுந்ததை அங்கேயே விட்டால் அடுத்த மழைக்கு அது மறுபடி சுவரில் ஏறிவிடும்.

இதற்கிடையில் சுண்ணாம்பு. கடையில் மூட்டையில் வரும் தூள் சுண்ணாம்பு வெள்ளையடிக்கப் போதும். பூச்சுக்குச் சுட்ட கிளிஞ்சலை வாங்கி நாமே நீற்றுவதுதான், அதாவது தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்கவிடுவதுதான், என் விருப்பம். நிலத்தில் குழி, அதற்குள் பிளாஸ்டிக் தொட்டி. முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிஞ்சல். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய கண்காப்பு வேண்டும். நீறி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். ஆடியில் நீற்றியது தையில் எடுக்கும்போது வெண்ணெயாகத் திரண்டு, கரண்டியில் எடுத்தால் விழாமல் நின்றது.

கலவை விகிதத்தில்தான் ஆளுக்கொரு வேதம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் இல்லாமல் சுண்ணாம்புப் பூச்சா என்று கேட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு எத்தனை என்று ஒருவர் கணக்குக் கேட்டார். முட்டை செட்டிநாட்டு வீட்டின் கண்ணாடி வழவழப்புக்கு. இங்கே வழவழப்பு தேவையே இல்லை, உப்பு வந்து தங்கத் துளை வேண்டும். கீழ் நான்கடிக்கு நாங்கள் போட்டது ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய பருமணல், அரைப் பங்கு செங்கல் தூள், அவ்வளவுதான். கடுக்காய்–கருப்பட்டித் தண்ணீரை மேல்சுவருக்கும் முகப்புச் சுருள்களுக்கும் வைத்துக்கொண்டோம், மழைச்சாரல் அங்கேதான் தாக்கும். கருப்பட்டியை அதிகம் ஊற்றினால் பூச்சு இறுகாமல் சவசவவென்று கிடக்கும், எறும்பும் வரும். பழைய காலத்தில் மாடு கட்டி, கல் சக்கரத்தில் அரைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய பான் மிக்சர். அரைத்ததை ஒருநாள் சாக்கில் மூடிவைத்து மறுநாள் பூசினோம்.

பூசுவதற்கு முந்தின மாலையிலேயே சுவரை நன்றாக நனைக்க வேண்டும். கற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை முதலில் நிரப்பி இறுகவிட்டு, அதன்மேல் அரை அங்குலத்துக்கு மிகாமல் முதல் பூச்சு. அதைக் கீறிவிட்டு, பிறகு இரண்டாவது. மணியாசுக் கட்டையால் (பூச்சைச் சமன் செய்யும் மரப்பலகை) தேய்ப்பதோடு நிறுத்தினோம். இரும்புக் கரண்டியால் இழைத்தால் முகம் அடைத்துக்கொள்ளும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கச் சுவரில்தான் வேலை. பூசியதும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் காலையும் மாலையும் தெளிப்பு. அந்தப் பொறுப்பை நவநாள் செபத்துக்கு வரும் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மழைத்தண்ணீர்ப் பீப்பாய்கள் அப்போது இருந்ததால் சண்டையில்லை. தேய்த்து முடித்த மறுநாள் மயிர் வெடிப்பு தெரிந்தால் பதறக் கூடாது. ஈரப்படுத்தி மறுபடி கட்டையால் அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

தரையில்தான் பெரிய பஞ்சாயத்து. சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு டைல்ஸைப் பெயர்த்து, சரளையும் சுண்ணாம்புக் காரையும் போட்டால்தான் தரையடி ஈரம் சுவரைத் தேடிப் போகாமல் அந்த ஓரத்திலேயே வெளியேறும். ஆனால் அந்த ஓர டைல்ஸில் ‘உபயம்’ என்று குடும்பப் பெயர்கள் பொறித்திருந்தன. பெயரைப் பெயர்ப்பதா? இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதிலேயே போனது. பெயர் டைல்ஸை மட்டும் அலுங்காமல் எடுத்து, வாசலுக்கு வெளியே புதிய திண்ணையில் பதித்துக் கொடுத்தோம். வெளியில் வைத்ததும் போகிற வருகிறவர்கள் எல்லாம் வாசிக்கிறார்கள் என்று உபயகாரர்களுக்கு இப்போது சந்தோஷம்.

நிறத்தில் நான் விட்டுக்கொடுத்தேன், எமல்ஷனை மட்டும் விடவில்லை. ஆகாய நீலம் கேட்டார்கள். வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் அல்ட்ராமரைன் நீலத் தூள் கலந்து மூன்று கை அடித்தோம். அந்த நீலம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்; துணிக்குப் போடும் சொட்டு நீலம் வேறு, அதை ஊற்றாதீர்கள். அப்புறம், வெள்ளையடிக்கிற தண்ணீரில் கை நிறைய உப்புப் போடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. ‘ஒட்டும்’ என்பார்கள். இவ்வளவு பாடுபட்டு உப்பை எடுத்த சுவரில் உப்பை வாளியில் கரைத்து அடிக்கப் போன ஒரு தம்பியைக் கடைசி நிமிடத்தில் தடுத்தோம்.

மொத்தத்தில் ஊர் கேட்ட ஒரு கேள்வி நியாயமானது. கீழ்ப்பூச்சு நாலைந்து வருடத்தில் உதிரத் தொடங்கும் என்று நானே சொல்கிறேன். இவ்வளவு செலவு செய்து அழிந்துபோவதையா பூசுவது? கல் பிழைக்க வேண்டும் என்றால் பூச்சு சாக வேண்டும் என்று நான் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். கமிட்டித் தலைவர் குறுக்கிட்டார்: “வலை கிழிஞ்சா தைக்கத்தானே செய்யிறோம். பார்ல சிக்கிக் கிழியுதுன்னு இரும்புல வலை போட்டா யாருய்யா இழுக்கிறது?” அதோடு விஷயம் முடிந்தது. கச்சத்தீவு அந்தோணியாருக்கு 2016இல் புதுக் கோயிலே கட்டிவிட்டார்களே, நாமும் இடித்துக் கட்டலாமே என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த ஓரிருவரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் கச்சான் காலம் கடந்துவிட்டது. தென்மேற்கு மூலையில், தரையிலிருந்து ஒரு முழத்துக்குப் பூச்சு லேசாகப் பொடிந்திருக்கிறது. விரலால் தோண்டிப் பார்த்தேன், உள்ளே கல் உறுதியாக இருக்கிறது. மற்ற மூன்று மூலைகளும் சுத்தம். உபதேசியார் அறையில் மூடியிட்ட டிரம்மில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இருக்கிறது, பக்கத்தில் கழுவிய மணல் இரண்டு மூட்டை, ஒரு மணியாசுக் கட்டை. உதிர்ந்த இடத்தைத் தட்டிப் பூசக் கொத்தனார் அண்ணனின் மருமகன் பழகிவிட்டான். அடுத்தது கொடிமர மேடை. அது முழுக்கச் சிமெண்ட், உள்ளே கம்பி துருவேறி நான்கு பக்கமும் வெடித்திருக்கிறது. அதற்குக் கிரானைட் போடலாம் என்று கமிட்டியில் ஒரு கட்சி இப்போதே கிளம்பிவிட்டது. கம்பியை மாற்றிவிட்டு எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும், அது மேடைதானே.